கோரைக்குள் ஆறு முட்டை

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், பீங்கான் சூளைகளுக்குக் களிமண் வெட்டிய பள்ளம் ஒன்று இருந்தது. வெட்டுவது நின்றதும் மழைத்தண்ணீர் தேங்கியது. தண்ணீரைத் தொடர்ந்து கோரை வந்தது. யாரும் நடவில்லை. முக்கோணத் தண்டோடு என் தலைக்கு மேல் வளர்ந்து, தட்டானுக்கும் தவளைக்கும் இடம் கொடுத்துக் கரையோரமெங்கும் அடர்ந்தது. அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கு மட்டும் அதைப் பிடிக்கவில்லை. பள்ளத்தில் அவர் மீன்குஞ்சு விட்டிருந்தார். வலை வீசினால் மீனைவிடக் கோரைதான் அதிகம் சிக்கியது.

அவர் அருவாளோடு இறங்கிய அன்று நான் குறுக்கே போய் நின்றேன். எனக்கு ஒன்பது வயது. உள்ளே கானாங்கோழி கூடு கட்டி ஆறு முட்டை இட்டிருந்தது.

"சரி, குஞ்சு பொரிச்சி எறங்கட்டும். அதுவரிக்கும் கை வெக்க மாட்டன். நீயும் அந்தப் பக்கம் போவாத" என்றார்.

போகாமல் எப்படி இருப்பது? மாமா வாக்கு மாறிவிட்டால்? ஸ்கூலுக்கு முன்னால் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோரையை விலக்கிப் போனேன். ஆறு எண்ணித் திரும்புவேன். வீட்டு வாசலை மிதித்ததும், சரியாக எண்ணினோமா என்று சந்தேகம் வரும். மறுபடி ஓடுவேன்.

பத்தாம் நாள் கூடு காலியாகக் கிடந்தது. குஞ்சு பொரித்த ஓட்டுத்துண்டுகூட இல்லை.

சோறு தின்றுகொண்டிருந்த மாமாவின் முன்னால் நின்று கத்தினேன். "நீங்கதான் எடுத்தீங்க! பொய்யி சொன்னீங்க!"

அம்மா கை ஓங்கினாள். "வுடுக்கா" என்று மாமா பாதிச் சோற்றில் எழுந்து பள்ளத்துக்குப் போனார். திரும்பி வந்து அருவாளை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினார்.

மறுநாள் பார்த்தால், கரையிலிருந்து கூடு வரை ஒரு கீற்றாகக் கோரை அறுபட்டிருந்தது. வேறெங்கும் அருவாள் படவில்லை. கோரையை வெட்டத்தான் முட்டையை எடுத்திருக்கிறார்; எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. பொங்கலுக்கு அவர் வாங்கிவந்த வளையலைக்கூடத் தங்கையிடம் கொடுத்துவிட்டேன்.

வெகுகாலம் கழித்து, வேறோர் ஏரிக்கரையில் என் மகள் கோரைக்குள் புகுந்து ஓடிவந்தாள். அவள் மிதித்த தண்டுகள் நிமிராமல் தண்ணீர்மேல் பாய்போலக் கிடந்தன. சற்று நேரத்தில் ஒரு கீரி அதன்மேல் கால் நனையாமல் உள்ளே போயிற்று.

மாமா அன்று அறுத்தது, நான் மிதித்து மிதித்துப் போட்ட வழியைத்தான். என் கண்ணில் அது படக்கூடாதென்று.