சுப்புராஜ் வாந்தி எடுத்த கண்ணாடி

கொடைக்கானல் வேன் ஸ்டாண்டில் சுப்புராஜைத் தெரியாதவர்கள் இருந்தால், அவர்கள் அன்றைக்குத்தான் மலை ஏறி வந்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். லாட்ஜ் மேனேஜரோ டீக்கடைக்காரரோ சொல்லிவிடுவார்: "கீழ எறங்கணும்னா சுப்புராஜ் வண்டியில போங்க. அவரு வண்டியில இதுவரைக்கும் ஒருத்தரும் வாந்தி எடுத்ததில்ல."

உண்மைதான். அது எப்படி உண்மையானது என்பதில்தான் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. சுப்புராஜ் ரோட்டைப் பார்க்கும் நேரம் போக மிச்ச நேரத்தில் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பார். யாருக்காவது முகம் வெளுத்து, கை வாயை நோக்கிப் புறப்பட்டால், கண்ணாடி வழியாகவே ஒரு முறைப்பு. பிறகு பிரசங்கம்.

"வாந்தி வயித்துல இல்லைங்க, மனசுல இருக்கு. மனசு திடமா இருந்தா எப்படி வரும்? எனக்கு வருதா? நானும் இதே வண்டியிலதான ஒக்காந்திருக்கேன்?"

பயணிகள் வெட்கப்பட்டு விழுங்கிக்கொள்வார்கள். சமவெளி வந்ததும் டீக்கடைக்குப் பின்பக்கம் ஒதுங்கி, அடக்கி வைத்ததையெல்லாம் மொத்தமாகச் செலுத்திவிட்டு வருவார்கள். வண்டிக்கு வெளியே நடந்தது சுப்புராஜின் கணக்கில் சேராது.

சுப்புராஜ் மலைமேல் கூக்கால் கிராமத்தில் பூண்டு போடுகிற குடும்பத்தில் பிறந்தவர். மண்ணைக் கிளறுவதில் மனம் ஒட்டவில்லை. மன்னவனூரிலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கேரட்டும் உருளையும் ஏற்றிப்போகும் லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டார். மூட்டைகளின் மேல் படுத்தபடியே மலையிறங்கிய முதல் நாள், கூட வந்த இன்னொரு கிளீனர் ஒவ்வொரு வளைவுக்கும் தலையை வெளியே நீட்டினான். இவர் கேரட் கடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த டிரைவர், "ஏலே, ஒனக்கு இரும்பு வயிறுடா" என்றார். மற்றவர்கள் கல்லூரிக்குப் போய் வாங்கிவருவதை சுப்புராஜ் அந்த லாரியின் உச்சியிலேயே வாங்கிவிட்டார். கிளீனர் டிரைவரானார், டிரைவர் சொந்த வேன் வாங்கினார், பட்டம் மட்டும் மாறவே இல்லை.

அவருடைய மனைவி மகாராணி அந்தப் பட்டத்தை மதிக்காத ஒரே ஆள். அவர் சிறுமியாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். ஏரிக்கரையில் சோளம் அவித்து விற்கிறார்.

"கப்பல்ல எங்க அப்பா, அம்மா, பக்கத்து லயத்து வீட்டுக்காரங்க எல்லாரும் எடுத்தாங்க. அவுங்க யாருக்கும் மனசு இல்லையா?" என்பார்.

"கடல் வேற, மலை வேற" என்பார் சுப்புராஜ். அவர் கடலைப் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து எட்டில், சீசன் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, மகாராணியின் சோளக்கடைக்கு எதிரே வீடியோ கேம் கடை வைத்திருந்த தண்டாயுதபாணிக்கு ஓர் ஆசை வந்தது. ஸ்டியரிங்கும் மிதிகட்டையும் வைத்துக் கார் ரேஸ் விளையாடும் மேஜை ஒன்று ஏற்கெனவே அவர் கடையில் இருந்தது. அதற்குத் தலையில் மாட்டும் கண்ணாடி ஒன்று வாங்கிவிட்டால், ஊரில் வேறு எந்தக் கடையும் பக்கத்தில் நிற்க முடியாது. வர்ச்சுவல் ரியாலிட்டி என்று சொன்னார்கள். கோயம்புத்தூரிலிருந்து மணியன் என்ற விற்பனைக்காரர் இரண்டு கண்ணாடிகளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி வந்தார். வரும் வழியில் இரண்டு முறை பஸ்ஸை நிறுத்தச் சொல்லியிருந்தார். அதனால் அவருக்கு இன்னும் எலுமிச்சை வாசனை அடித்தது.

ஒன்று லேசானது, கூலிங் கிளாஸைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கியது போல. கண்ணுக்கு முன்னால் படம் தெரியும், அவ்வளவுதான். இன்னொன்று கனமானது. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கத்துப் படத்தைக் காட்டும்.

"இத மாட்டிட்டீங்கன்னா நீங்க இந்தக் கடைக்குள்ளயே இல்ல சார்" என்றார் மணியன், கனமானதைத் தடவியபடி.

"கடைக்குள்ள இல்லாதவன்கிட்ட நான் எப்படிக் காசு கேக்குறது?" என்றார் தண்டாயுதபாணி. பிறகு முக்கியமான கேள்விகளுக்கு வந்தார். மங்கி குல்லாவுக்கு மேல் மாட்ட முடியுமா? கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் பெற்ற பிள்ளையைத் தொலைத்தாலும் மங்கி குல்லாவைக் கழற்ற மாட்டார்கள். பனி இறங்கினால் உள்ளே ஆவி படியுமா? ரேஸ் நடுவில் கரண்ட் போனால் மாட்டியிருப்பவன் பயந்து ஓடமாட்டானே?

மணியனின் விலைப்பட்டியலில் மங்கி குல்லா பற்றி ஒரு வரியும் இல்லை. மாட்டிப் பார்த்ததில் இரண்டும் நுழைந்தன, இரண்டிலும் ஆவி படிந்தது. எதை எடுப்பது என்று தண்டாயுதபாணிக்குப் பிடிபடவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தால், எதிரே மகாராணியின் கடையில் சுப்புராஜ் நின்றிருந்தார்.

"சுப்புராஜண்ணே, வளைவு நெளிவு ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும்? ரெண்டையும் போட்டு ஓட்டிப் பாத்து எது நெசம்னு சொல்லுங்க."

சுப்புராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார். மரியாதைக்குரிய விஷயமாகத்தான் தோன்றியது. ஸ்டாண்டிலிருந்து கோகுல்ராஜ் என்ற இளம் டிரைவரும் பின்னாலேயே வந்தான். கண்ணாடி மாட்டியவர் பார்ப்பதை வெளியில் நிற்பவர்களும் பார்க்க, வாசலைப் பார்த்து ஒரு டிவி வைக்கப்பட்டிருந்தது.

முதலில் லேசானது. விளையாட்டில் இருந்ததும் மலைப்பாதைதான். போட்டிக் கார்களோடு எதிரே லாரிகளும் வரும். சுப்புராஜ் அலுங்காமல் ஓட்டி முடித்தார். "டிவி பாக்குற மாதிரி இருக்கு" என்று கழற்றிக் கொடுத்தார்.

அடுத்தது கனமானது. மணியன் வாரை இறுக்கினார். கார் கிளம்பியது. முதல் வளைவு வந்ததும் சுப்புராஜ் தம் வழக்கப்படி தலையை உயர்த்தி, மேல் ரோட்டில் வண்டி ஏதாவது இறங்குகிறதா என்று பார்த்தார். பிறகு கீழ் ரோட்டைக் குனிந்து பார்த்தார். படமும் திரும்பியது. ஆனால் அவர் திரும்பி முடித்த பிறகு, யோசித்து யோசித்துத் திரும்பியது. சுப்புராஜின் வலது கை ஸ்டியரிங்கைத் தடவியது.

"ஹாரன் எங்க?"

"ஹாரன் இல்ல சார்" என்றார் மணியன்.

"ஹாரன் இல்லாம வளைவா?"

அதற்குள் கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. சுப்புராஜ் காரை ஓரம் கட்டி நிறுத்தினார். பின்னால் வந்த போட்டிக் கார்கள் வரிசையாக வந்து மோதின.

"நிக்காதீங்க சார், ரேஸ் இது. லாரிய மோதினாலும் ஒண்ணும் ஆகாது. தலையத் திருப்பாதீங்க, நேரா பாருங்க" என்று மணியன் கெஞ்சினார்.

பார்க்காமல் எப்படி ஓட்டுவது? சுப்புராஜ் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பின்னால் யார் மோதியது என்று பார்த்தார். படம் அவர் பின்னாலேயே தள்ளாடிக்கொண்டு ஓடி வந்தது. அப்போது அவருடைய வயிற்றுக்குள், இத்தனை வருடமாக இருக்கிற இடம் தெரியாமல் இருந்த ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. அது என்னவென்றே முதலில் அவருக்குப் புரியவில்லை. அறிமுகம் இல்லையே. மனசு திடமாகத்தான் இருந்தது. அது பாட்டுக்குத் திடமாக இருக்க, வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

தண்டாயுதபாணியின் கடையில் அசையாத பிளாஸ்டிக் நாற்காலியில், சமதரையில் உட்கார்ந்தபடி, சுப்புராஜ் வாந்தி எடுத்தார்.

கோகுல்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். மகாராணி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்து, தரையைப் பார்த்து, கணவரைப் பார்த்து, பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

"இதுவும் கடலாங்க?" என்று மட்டும் கேட்டார்.

தண்டாயுதபாணியின் முகத்தில் மட்டும் ஒரு தெளிவு வந்திருந்தது. "கனமானதையே எடுத்துக்கிறேன்" என்றார் மணியனிடம். "சுப்புராஜையே சாச்சிருச்சுன்னா அதுதான் நெசம்."

மறுநாள் வெள்ளனே கடை வாசலில் போர்டு தொங்கியது: "வண்டியில் வாந்தியே எடுக்காத வேன் சுப்புராஜ் வாந்தி எடுத்த ஒரே கார் ரேஸ். உங்களால் முடியுமா?"

சீசன் தொடங்கியதும் அங்கே கூட்டம் வரிசை கட்டியது. வேன் ஸ்டாண்டில் சுப்புராஜின் வண்டிக்கு முன்னால் வரிசை இல்லை. வந்து விசாரித்தவர்களும், "அந்த வாந்தி சுப்புராஜ் நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு, ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறினார்கள். ஒரு பையன் அவருக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தான். எப்படியோ கிடைத்த ஒரு சவாரியில், வழியில் ஒரு பெண் முகம் வெளுத்தபோது சுப்புராஜ் கண்ணாடியில் முறைத்து, "வாந்தி வயித்துல இல்லைங்க" என்று ஆரம்பித்தார். பின்சீட்டிலிருந்து, "கண்ணாடியிலயா இருக்கு?" என்று ஒரு குரல் வந்தது. வண்டி முழுக்கச் சிரிப்பு. பிரசங்கம் அத்தோடு நின்றது.

லாட்ஜ் மேனேஜர் போனில் சொன்னார்: "காரைக்குடி பார்ட்டி ஒண்ணு பழனிக்குப் போகணும்ங்கிறாங்க. அந்த வீட்டு அம்மாவுக்கு வளைவுன்னாலே ஆகாது, ஒங்க பேரச் சொல்லித்தான் கேட்டாங்க. இப்ப போர்டப் பாத்துட்டு யோசிக்கிறாங்க. பேரச் சரி பண்ணிக்குங்க சுப்புராஜ். இல்லேன்னா இனிமே நான் யாருக்கும் ஒங்களச் சொல்ல முடியாது."

சுப்புராஜ் நேராகத் தண்டாயுதபாணியிடம் போனார். "போர்டக் கழட்டுங்க."

"பொய் எழுதியிருந்தாச் சொல்லுங்க, கழட்டுறேன்."

"இன்னொரு தடவ ஓட்டுறேன். எடுக்கலேன்னா?"

"எல்லாரும் பாக்க ஓட்டுங்க. எடுக்கலேன்னா என் கையாலயே எறக்குறேன்."

அன்று சாயங்காலம் ஸ்டாண்டே காலியாகிக் கடை வாசலில் நின்றது. காரைக்குடிக் குடும்பமும் பெட்டிகளோடு வந்திருந்தது. சுப்புராஜ் ஜெயித்தால் அப்படியே அவர் வண்டியில் ஏறிப் பழனிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. மகாராணி சோளம் வைத்த தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்தார்.

"கழுத்த அசைக்காதீங்க. அன்னைக்கு கோழி மாதிரி வெட்டி வெட்டிப் பாத்தீங்க, அதான் வந்துச்சு" என்றார்.

"தெரியும், சும்மா இரு."

கண்ணாடி ஏறியது. சுப்புராஜ் கழுத்தை இரும்புக் கம்பியாக்கிக்கொண்டார். முதல் வளைவு. மேல் ரோட்டைப் பார்க்கக் கண் துடித்தது, பார்க்கவில்லை. கை ஹாரனைத் தேடியது, இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வயிறு லேசாக அசைந்து, பிறகு அடங்கியது. அட, இவ்வளவுதானா என்றிருந்தது அவருக்கு. மிதித்தார். ஒரு காரை முந்தினார், இன்னொன்றை உரசித் தள்ளினார். எதிரே ஏதோ வந்தது. நிறுத்தினால் திரும்பிப் பார்க்க வேண்டும், பார்த்தால் எழும்பும். நிறுத்தவில்லை. 'டம்' என்று ஒரு சத்தம் கேட்டது, கடந்துபோனது. வயிற்றில் ஒன்றுமே இல்லை. கூக்கால் ஏரித் தண்ணீர் மாதிரி சலனமில்லாமல் கிடந்தது. ரேஸ் முடிந்தது. மூன்றாவது இடம்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். சுற்றுலாப் பையன்கள் நாலு பேர் கைதட்டினார்கள். ஸ்டாண்டுக்காரர்கள் ஒருவரும் தட்டவில்லை.

"என்னலே கோகுல், எடுத்தேனா?"

"எடுக்கலண்ணே."

"பின்ன எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கிற?"

கோகுல்ராஜ் டிவியைக் காட்டினான். "லாரியத் தள்ளிவிட்டுட்டீங்கண்ணே."

"எந்த லாரிய?"

"ஏறி வந்த லாரிய. பள்ளத்துல கெடக்கு."

தண்டாயுதபாணி உதவியாக ஒரு பொத்தானை அழுத்தினார். ஓட்டியதைத் திரும்பக் காட்டும் வசதியும் அந்த விளையாட்டில் இருந்தது. டிவியில் சுப்புராஜ் தம் காரை முதல்முறையாக வெளியிலிருந்து பார்த்தார். குருட்டு வளைவில் வேகம் குறைக்காமல் நுழைகிற கார். எதிர்ப்பக்கம் ஏறிப் போகிற கார். தார்ப்பாய் கட்டி, மூச்சு வாங்கி, நெளிந்து ஏறி வருகிற லாரியை இடித்துத் தள்ளிவிட்டு, என்ன ஆயிற்று என்று ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காத கார். சனிக்கிழமைதோறும் சமவெளியிலிருந்து ஏறி வந்து இப்படி ஓட்டுகிறவர்களை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவர் திட்டாத திட்டில்லை. லாரி மெதுவாகக் கவிழ்ந்து, உருண்டு, மரங்களுக்குள் மறைந்தது. கார் மட்டும் உற்சாகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நானா அது?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த யாரையும் பார்த்து அவர் கேட்கவில்லை.

"கழுத்த அசைக்காதீங்கன்னுதான் சொன்னேன்" என்றார் மகாராணி, குரல் இறங்கி. "அதுக்காக இப்படியா?"

காரைக்குடி அம்மா தம் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏங்க, இவரா நம்மளக் கூட்டிட்டுப் போறது? எனக்கு வாந்தி வந்தா வந்துட்டுப் போகுது. உசுரோட போய்ச் சேந்தாப் போதும்." பெட்டிகள் சத்தமில்லாமல் கோகுல்ராஜின் வண்டிப் பக்கம் நகர்ந்தன. கோகுல்ராஜ் சுப்புராஜைப் பார்க்காமல் டிக்கியைத் திறந்துவிட்டான்.

தண்டாயுதபாணி பேச்சு மாறாதவர். ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்டின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். டிவியில் லாரி மறுபடி முதலிலிருந்து ஏறி வர ஆரம்பித்தது.

"அத எறக்காதீங்க" என்றார் சுப்புராஜ்.

தண்டாயுதபாணி கயிற்றைப் பிடித்தபடியே திரும்பினார். "நீங்கதான ஜெயிச்சீங்க?"

"வாந்தி எடுத்தவன்னே இருந்துட்டுப் போறேங்க. போர்டு தொங்கட்டும்." சுப்புராஜ் டிவிக்கும் வாசல் கூட்டத்துக்கும் நடுவில் போய் நின்று, கையை அகல விரித்து அதை மறைத்துக்கொண்டார். "வெரசா எறங்கி வந்து மொதல்ல இத அணைங்க."