சியாட்டிலுக்குப் பதினெட்டரை மணி நேரம்

புதுப்பட்டினத்தில் கிருபாகரன் காதுபட வெளிநாட்டுப் பேச்சை எடுக்க எல்லோருக்கும் பயம். கல்பாக்கம் அணுமின் நிலைய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் மெல்போர்னில் இருக்கிறான் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் போதும்.

"எட்டாயிரத்து எழுநூத்தி எழுபத்தஞ்சு கிலோமீட்டர்" என்று ஆரம்பித்துவிடுவார். ஆறிப்போன டீயோடு அந்தத் தகப்பன் நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவு தெரிந்த மனிதர் ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. சியாட்டிலில் இருக்கும் மகள் ரோகிணி நாலு வருடமாகக் கூப்பிட்டாள். முதலில் முழங்கால், அப்புறம் முதுகு, அப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிப்பு என்று தள்ளிப்போட்டார். கடைசியில் அவள் பிள்ளை பெற்று, கேட்காமலே இரண்டு டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டாள்.

கிருபாகரன் அட்டவணை போட்டார். துபாய்க்கு நாலு மணி, அங்கிருந்து சியாட்டிலுக்குப் பதினாலரை. ஆகாயத்தில் மொத்தம் பதினெட்டரை மணி நேரம். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் அறுபது கிலோமீட்டர், மணிக்கு எண்பது வேகம், நாற்பத்தைந்து நிமிடம். காலை பதினொன்றரை மணி விமானத்துக்கு எட்டு மணிக்குக் கார் வந்தால் போதும்.

"சார், நாவலூராண்ட மெட்ரோ வேலை நடந்துகினு கீது. ஆறுக்கே கெளம்பிடலாம்" என்றான் டிரைவர் தமிழ்வாணன்.

"கணக்கு எனக்குத் தெரியும்பா."

நாவலூரில் ஐ.டி. கம்பெனி பஸ்களுக்கு நடுவே கார் ஐம்பது நிமிடம் நின்றது. கிருபாகரன் அட்டவணையை மடித்து விசிறிக்கொண்டார். மனைவி தெய்வநாயகி கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் அவருக்கு அதிகமாக வியர்த்தது.

விமான நிலையத்தில் இறங்கும்போது மணி பத்து பத்து. கவுண்டர் மூட இருபது நிமிடம். வாசலில் காவலர் பாஸ்போர்ட் கேட்டார். தெய்வநாயகி எடுத்துக் கொடுத்தாள். கிருபாகரன் சட்டைப்பை, கால்சட்டைப்பை, கைப்பை எல்லாவற்றையும் துழாவினார்.

"வீட்லயே விட்டுட்டேன் போல" என்றார். முகத்தில் பதற்றம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தெளிவு.

தெய்வநாயகி அவரை மேலும் கீழும் பார்த்தாள். தள்ளுவண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரோகிணிகிட்ட என்ன சொல்லுவே?" என்று கேட்டார் கிருபாகரன்.

"பதினெட்டரை மணி நேரம் இருக்குல்ல? யோசிச்சுக்கறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கார் கழுவிய தமிழ்வாணன் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றான். "முன்சீட்டுக்கு அடில கெடந்துச்சு சார். நல்லா உள்ள தள்ளி வெச்ச மாரி."

கிருபாகரன் வாங்கி பீரோவில் வைத்தார். யாரிடமும் சொல்லாதே என்றார். தமிழ்வாணனும் யாரிடமும் சொல்லவில்லை, பெஞ்சமின் டீக்கடையில் இருந்த பதினொரு பேரைத் தவிர.

போய்ச் சேர்ந்ததும் தெய்வநாயகி போனில் பேசினாள். அவர் ஆவலாகக் கேட்டார்: "பிளேன் வடதுருவத்து மேலயா போச்சு? எத்தனை நிமிஷம் லேட்டு?"

"யாருக்குத் தெரியும்? நல்லாத் தூங்கிட்டேங்க."

மறுநாள் டீக்கடையில் அந்தப் பயணத்தை அவரே நாடு நாடாக விவரித்தார், ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர் மாதிரி. பெஞ்சமின் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளாஸ் கழுவினார்.

மூன்று மாதத்தில் திரும்ப வேண்டிய தெய்வநாயகி இப்போது ஆறு மாதம் என்கிறாள். இன்னொரு டிக்கெட் பற்றி ரோகிணி பேச்செடுக்கவே இல்லை. அது அவருக்கு நிம்மதியாக இருந்தது. தனியாகச் சோறு வடிக்கும்போது மட்டும் அந்த நிம்மதி கொஞ்சம் உறுத்தியது.