நண்டு வலையில் ஒரு பூந்தோட்டம்

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, என்னைவிடச் சிறந்த கைவேலைக்காரி இந்தக் கடலூர் வட்டாரத்திலேயே கிடையாது என்று உறுதியாக நம்பினேன். பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் டீச்சர் நான் செய்த காகித ரோஜாவைத் தூக்கிக் காட்டி மற்ற பிள்ளைகளைத் திட்டியதுதான் அதற்குக் காரணம். அன்றையிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தைக்கு வளைகாப்பு என்று வீட்டில் பேச்சு எழுந்ததும், யாரும் கேட்காமலே அலங்காரப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

அத்தை, அப்பாவுக்கு ஒரே தங்கை. எங்கள் மீனவர் குப்பத்திலேயே நான்கு வீடு தள்ளித்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சுனாமியில் அத்தையின் பிள்ளைகள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். மூத்தவன் என் வயதுக்காரன், கோலி விளையாட்டில் என்னை ஏமாற்றுவதற்கென்றே பிறந்தவன். சின்னவளுக்கு நான்கு வயது. அதற்கு அப்புறம் அத்தையால் ஊரில் இருக்க முடியவில்லை. அலைச்சத்தம் காதில் விழாத இடமாகப் பார் என்று மாமாவிடம் சொல்லி, சிதம்பரம் தாண்டி கீரப்பாளையத்துக்குக் குடிபோய்விட்டாள். படகு எஞ்சினைப் பிரித்துப் பழகிய மாமா அங்கே வயல்காரர்களின் பம்புசெட் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினார். இனிப் பிள்ளை வேண்டாம் என்று முன்பு செய்திருந்த ஆபரேஷனை, இன்னொரு ஆபரேஷன் செய்து மாற்றினார்கள். இரண்டு வருஷம் கழித்து அத்தை மறுபடியும் உண்டானாள்.

வளைகாப்பு தலைப்பிள்ளைக்குத்தான் போடுவது வழக்கம். மூன்றாவதுக்கு யார் போடுவார்கள் என்று தெருவில் இரண்டு பேர் முணுமுணுத்தது அப்பா காதுக்கு வந்தது. "எவன் என்னா வேணா பேசிக்கட்டும். என் தங்கச்சிக்குக் கை நெறைய வளையல் போட்டுத்தான் வூட்டுக்கு அழைச்சாருவேன்" என்றார் அப்பா.

சிக்கல் அந்த அழைத்து வருவதில்தான் இருந்தது. வளைகாப்பு முடிந்தால் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். அத்தைக்கு அம்மா அப்பா இல்லாததால் எங்கள் வீடுதான் தாய்வீடு. எங்கள் வாசலில் நின்றால் அலை தெரியும். "வளையல் போட்டுக்கறேன் அண்ணா. ஆனா அங்க மட்டும் கூப்புடாத. சிதம்பரத்துலயே பெத்துக்கறேன்" என்று அத்தை போனில் சொல்லிவிட்டாள். மாமாவும், "அவ இஷ்டம் மச்சான், நா என்னா சொல்றது" என்று ஒதுங்கிக்கொண்டார். ஆனாலும் அம்மா விடவில்லை. அத்தைக்கென்று உள் அறைக்கு வெள்ளையடித்தாள், புதுப் பாய் வாங்கிப் போட்டாள். வருவாளா மாட்டாளா என்பதைத் தவிர எங்கள் வீட்டில் அந்த மாசம் வேறு பேச்சே கிடையாது.

எனக்கும் உத்தரவு வந்தது. "அங்க போயி மீனு, கடலு, படகுன்னு வாயத் தொறந்த, பல்லத் தட்டிப்புடுவேன்" என்றாள் அம்மா. நான் வாயைத் திறப்பதாகவே இல்லை. என் கவனமெல்லாம் தோட்டத்தில் இருந்தது. ஒரு வாரப் பத்திரிகையில், சென்னையில் யாரோ பணக்காரப் பெண்ணின் வளைகாப்புப் படம் போட்டிருந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் ஒரு பூந்தோட்டமே நின்றது. கொடி, பூ, கிளி, வண்ணத்துப்பூச்சி. இந்த மாதிரி ஒரே விஷயத்தை வைத்து அலங்காரம் செய்வதற்கு 'தீம்' என்று பெயராம். கீரப்பாளையத்தில் முதன்முதலாகத் தீம் வைத்த பெருமை என்னையே சேர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கிளி செய்யத் தெர்மாக்கோல் வேண்டும். துறைமுகத்துப் பக்கம் போனால் உடைந்த ஐஸ் பெட்டி மூடிகள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். அவற்றில் மீன் வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை கழுவினேன், எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தேன், வெயிலில் காயவைத்தேன். மோந்து பார்த்தபோது ஒரு வாடையும் இல்லை. பிறந்ததிலிருந்து மீனோடு வாழும் மூக்கை நம்பக் கூடாது என்ற அறிவு அப்போது எனக்கு இல்லை. பன்னிரண்டு கிளிகளும் ஒன்பது வண்ணத்துப்பூச்சிகளும் வெட்டிப் பச்சையும் மஞ்சளுமாகப் பெயின்ட் அடித்தேன்.

பூவையும் கொடியையும் கட்டித் தொங்கவிட ஒரு பெரிய திரை வேண்டும். அம்மாவின் புடவையைக் கேட்டால் உதை விழும். கொல்லையில் சாக்குக்குள் அப்பாவின் நண்டு வலை ஒன்று கிடந்தது. சாக்கில் கிடக்கிறதே, பழசுதான் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். கிழிந்ததையெல்லாம் அப்பா ஒரு வாரம் உட்கார்ந்து சரிசெய்து, வளைகாப்பு முடிந்த மறுநாளைக்கென்று எடுத்து வைத்திருந்த வலை அது. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் காகித இலையும் பூவும் கட்டக் கட்ட, வலை மறைந்து தோட்டம் வந்தது. மீனும் இல்லை, கடலும் இல்லை, படகும் இல்லை. அம்மா சொன்னதை ஒரு எழுத்துக்கூட மீறவில்லை என்ற திருப்தியில் அதைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வளைகாப்பு நாளன்று வேனில் போனோம். மாமாவின் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் சீர்த்தட்டுகளை இறக்குவதில் மும்முரமாக இருக்க, நான் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவரைப் பிடித்து நாற்காலிக்குப் பின்னால் என் தோட்டத்தைக் கட்டிவிட்டேன். கீரப்பாளையத்துப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். "யாருடி செஞ்சது? கடையில வாங்குனாப்புல இருக்குது" என்று ஒருவர் கேட்டதும் நான் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டது போல இருந்தது. அத்தை மாம்பழக் கலர்ப் பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்தாள். தோட்டத்தைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதவில்லை.

சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட ஆரம்பித்தார்கள். அந்த ஊர்ப் பெரியம்மா ஒருவர் ஆசையாக, "மொதப் புள்ளையாம்மா?" என்று கேட்டார். அம்மா அவசரமாக வாயைத் திறப்பதற்குள், "மூணாவது" என்றாள் அத்தை. கேட்டவர் மற்ற இரண்டு பிள்ளைகள் எங்கே என்று பந்தலைச் சுற்றிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பூனை வந்தது. வெயில் ஏறிப் பந்தல் தகரம் சூடானதில், கிளிகளுக்குள் பதுங்கியிருந்த மீன் வாடை மெல்ல வெளியே வந்திருக்கிறது. பூனை நாற்காலிக்குப் பின்னால் போய் ஒரு கிளியை மோந்து பார்த்தது, எட்டிக் கழுத்தைக் கவ்வியது. கிளி விடவில்லை, நான் அவ்வளவு பலமாகக் கட்டியிருந்தேன். பூனை இழுத்தது. ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து, தோட்டம் பாதி சரிந்து அத்தையின் தோள்மேல் விழுந்தது. இலையெல்லாம் ஒதுங்கிப்போய் அங்கே பச்சையாக வலை தெரிந்தது.

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் பல் எல்லாம் ஆடியது. நான் ஓடிப்போய் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எட்டிப் பார்த்தால், அத்தை தோளில் விழுந்த வலையைத் தள்ளவில்லை. கையில் பிடித்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். மூச்சை இழுத்தாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆசையாகச் செய்த ஒரு காரியத்தால் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன், இனி அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

அத்தையின் விரல் வலையில் எதையோ தேடிக்கொண்டே போனது. ஒரு இடத்தில் நின்றது.

"ஏண்ணா, இத நீயா முடிஞ்ச?"

அப்பா ஓடிவந்து கயிற்றில் கை வைத்தார். "ஆமாம்மா. புள்ள தெரியாம எடுத்தாந்துடுச்சி. மன்னிச்சிக்க, இதோ அவுத்துடறேன்."

"கண்ணி எம்மாம் பெருசு வுட்டு வச்சிருக்க பாரு. நண்டு குடும்பத்தோட உள்ள வந்து, காபி குடிச்சிட்டு வெளிய பூடும்."

முதலில் மாமாதான் சிரித்தார். அப்புறம் அப்பா. சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு வலைகளை எல்லாம் சரிசெய்தது அத்தைதான் என்பதும், அப்பாவின் முடிச்சைப் பற்றி அவள் கிண்டல் செய்யாத நாளே கிடையாது என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

"எங்க அந்தத் தோட்டக்காரி?" என்று அத்தை என்னைக் கூப்பிட்டாள். மாமா வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். அத்தை கையிலிருந்த சந்தனத்தை என் இரண்டு கன்னத்திலும் அப்பினாள். வளையல் போடுவது மறுபடி தொடங்கியது. பூனைக்கும் ஒரு கிண்ணம் தயிர் சாதம் கிடைத்தது.

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது, யாரும் கூப்பிடாமலே அத்தை வந்து வேனில் ஏறி உட்கார்ந்தாள். ஏதாவது கேட்டால் இறங்கிவிடுவாளோ என்று பயந்தது போல அப்பா டிரைவரை அவசரப்படுத்தினார். மாமா அத்தையின் துணிப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். என் தோட்டத்தை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள் அத்தை. அவ்வளவு பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சிதம்பரம் தாண்டியதும் அத்தை என் பூக்களை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தாள். இரண்டு வாரம் விரல் நோகச் செய்த பூக்கள். இரண்டு கை நிறைய வளையல் குலுங்க, முடிச்சை அவிழ்த்து, பூவை எடுத்து, பக்கத்தில் போட்டுக்கொண்டே வந்தாள்.

"ஏன் அத்த பிய்க்கிற?" என்றேன்.

"பூவ வச்சிக்கிட்டு நண்டு புடிக்க முடியுமாடி? உங்கப்பா நாளைக்குக் கடலுக்குப் போவ வேணாமா?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு அழகான பூக்களை அத்தைக்குப் பிடிக்கவில்லை என்பது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு வருஷத்துக்கு மேலாக அத்தையின் வாயில் கடல் என்ற சொல்லே வந்ததில்லை என்பதோ, மாமா ஏன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதோ என் மண்டையில் ஏறவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போனால், அங்கே அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். என் பூக்களுக்காக வருத்தப்பட ஒரு ஆளாவது இருக்கிறதே என்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி ஆறுதல் சொன்னேன்.

"அழுவாதம்மா. போனது போவட்டும், வேற செஞ்சிக்கலாம்."

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் அழுதாள். அவ்வளவு நல்ல பூக்கள்தான் அவை என்று நினைத்துக்கொண்டே நான் தூங்கிப்போனேன்.