தறிக்குழியில் கேட்ட மிதிச் சத்தம்

டொக்… டொக் டொக்.

தறி அறையிலிருந்து வந்தது அந்தச் சத்தம். கூடத்தில் உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். எதிரே இருந்த கீர்த்தி எழுதுவதை நிறுத்தினாள்.

"உள்ள யாராச்சும் நெய்றாங்களாம்மா?"

"யாரும் இல்லம்மா. எலியா இருக்கும். நீ கேளு."

வேகவதி ஆற்றங்கரையைச் சீரமைக்கும் வேலைக்கு வரைபடம் போட்டவள் கீர்த்தி. மர நிழலில் நடைபாதை, உட்கார மேடைகள், ஆற்றோரமாக நீளச் சுவர். பாதிச் சுவர் எழும்பிவிட்டது. மீதிக்குத் திங்கட்கிழமை கான்கிரீட். அதற்குள் தெருவில் வீடு வீடாகக் கேட்டுவிட வந்திருந்தாள்.

"சுவர் வந்தப்புறம் வீட்டுல ஈரம் ஏறுதா?"

"இல்லம்மா."

தெருவே அப்படித்தான் சொல்லியிருந்தது. ஈரம் என்று வாய் திறந்தால் வீட்டை இடித்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். மங்கையர்க்கரசியின் பயமோ வேறு.

அவள் கணவர் பஞ்சாட்சரத்துக்கு இடது முழங்காலில் வலி. அதனால் தறியின் மிதிகட்டையை மெதுவாக ஒன்று, அவசரமாக இரண்டு என்றுதான் மிதிப்பார். முப்பத்தெட்டு வருஷம் அவள் கண்விழித்தது அந்தச் சத்தத்தில்தான். அவர் போய் மூன்று வருஷமாகிறது. அவர் கால் தொங்கவிட்டு உட்கார்ந்த தறிக்குழியை மூட மகன் ஆள் கூட்டி வந்தபோது, "என்னையும் உள்ள போட்டு மூடுங்கடா" என்று குறுக்கே படுத்துவிட்டாள். வெள்ளிதோறும் அந்தக் குழியோரம் விளக்கு வைப்பாள். போன மாதம் அப்படி விளக்கு வைத்த மாலையில், குழிக்குள் தண்ணீர் ஊறியிருந்தது. மிதிகட்டை தானாகத் தட்டியது. அதே மெதுவான ஒன்று. அதே அவசரமான இரண்டு.

பக்கத்து வீட்டிலிருந்து திடீரென்று ஓர் அழுகை கிளம்பியது. காவேரியின் குரல்.

"ஐயோ! பாவு நூல் பூரா நனைஞ்சி சாயம் எறங்கிக்கினு இருக்குதே! நான் எந்தக் கிணத்துல போய் விழுவேன்!"

மங்கையர்க்கரசி எழுந்தாள்.

"வாம்மா. அது எலி இல்ல."

தறி அறையின் விளக்கொளியில் குழித் தண்ணீர் கண்ணாடிபோல் கறுத்துக் கிடந்தது. கீர்த்தி மண்டியிட்டுக் கைவைத்துப் பார்த்தாள். ஐஸ்போல் குளிர்ந்தது.

"முன்னாடி இந்தத் தண்ணி எங்கம்மா போச்சு?"

"வீட்டுப் பின்னால கால்வா ஒண்ணு இருந்துச்சு. தெருத் தண்ணி பூரா அதுலதான் ஆத்துக்குப் போவும். அதும் மேலதான் உங்க செவுரு நிக்குது."

கீர்த்தி கையிலிருந்த வரைபடத்தை விரித்துத் தேடினாள். "எங்க படத்துல அது இல்லவே இல்லம்மா. தப்பு எங்க மேல. உங்க வீட்டை யாரும் தொட மாட்டாங்க. சுவர்ல வழி விட்டா பத்தே நாள்ல வடிஞ்சிடும்."

"அப்போ… இந்தச் சத்தம்?"

"நின்னுடும்மா."

டொக்.

மங்கையர்க்கரசி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வழிந்து வரைபடத்தில் விழுந்தது. அதற்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இங்கதான் கால்வா. குறிச்சிக்கோ."

கீர்த்தி சிவப்புப் பேனாவால் கோடு போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவள், தயங்கித் திரும்பினாள்.

"அம்மா… தண்ணி கொஞ்சங்கூட அசையலியே. கட்டை மட்டும் எப்படி…"

"இருட்டிக்கினு வருது. பாத்து போம்மா."

மங்கையர்க்கரசி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.