தேமல் துணி

புதுத் துணியின் கஞ்சி வாசனையும் தையல் மிஷின் எண்ணெயின் வாசனையும் கலந்து அடித்தால், அம்மா வேலை விட்டு வந்துவிட்டாள் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றும். ஆவடியில் பட்டாளத்துக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அம்மாவுக்குக் காலர் வைக்கும் வேலை. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக இருக்கும் அந்தத் துணிக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் "தேமல் துணி". ரயில் நிலையத்தில் அதைப் போட்டுக்கொண்டு யாராவது போனால் அம்மா அவர் முகத்தைப் பார்க்கமாட்டாள், காலரைத்தான் பார்ப்பாள். "போட்டுக்கினு போறவன் பத்திரமா ஊட்டுக்குத் திரும்பணும்னு வேண்டிக்கினுதான் ஒவ்வொரு காலரும் வெக்கிறேன்" என்று எங்களிடம் மெதுவாகச் சொல்லுவாள்.

நான் ஆறாவது முடித்த கோடை அது. அண்ணன் பரத் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு, கரீம் பாய் நடத்திய பிரவுசிங் சென்டரே கதியென்று கிடந்தான். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம் என்று கம்ப்யூட்டருக்குள் துப்பாக்கிச் சண்டை போடும் ஆட்டம். அம்பத்தூர்ப் பையன்களோடு ஞாயிற்றுக்கிழமை மோதுவதாகச் சவால் விட்டிருந்தான். சனிக்கிழமை அவன் டீமில் ஒருவனுக்கு அம்மை போட்டுவிட, வேறு ஆள் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டான். "ஒழுங்கா ஆடினேன்னா லீவு முடியற வரைக்கும் நீ நம்ம டீமு. சொதப்புன, இந்தப் பக்கமே வரக் கூடாது" என்றான். கோடை முழுக்க அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம் என்பதைவிடப் பெரிய ஆசை அன்று எனக்கு வேறில்லை.

ஆனால் யாருடைய வியர்வையோ ஊறிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இடது கையால் நடக்க வேண்டுமாம், வலது கையால் பார்க்க வேண்டுமாம். நடந்தால் வானம் தெரிந்தது, திரும்பினால் சுவர் வந்து மூக்கில் இடித்தது. துப்பாக்கி பிடித்த இரண்டு கைகள் மட்டும் திரையில் தெரிந்தன, அவை என்னுடையவை என்று நம்பவே சிறிது நேரம் பிடித்தது. "எதிரியப் பாத்தா சுடு" என்றான் அண்ணன். எதிரி யார் என்று அவன் சொல்லவில்லை, இதைக்கூடவா கேட்பது என்று நானும் கேட்கவில்லை.

ஒரு சுவரோரம் பதுங்கி நின்றேன். தேமல் துணி போட்ட ஒருவன் என்னைக் கவனிக்காமல் எதிரிலேயே ஓடினான். என் கண் அவன் காலருக்குப் போனது. நம்ம ஆள் என்று நிம்மதியாக விட்டுவிட்டேன். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் அதே துணியில் போனார்கள், அவர்களையும் விட்டேன். நான்காவதாகக் கறுப்பு முகமூடியும் சாதாரணச் சட்டையுமாக ஒருவன் நேராக என்னை நோக்கி ஓடிவந்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழுத்தினேன்.

"டேய், யாருடா என்னையச் சுட்டது?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து அண்ணன் கத்தினான்.

"தேமல் துணி போடலியேண்ணா..."

"நாமதான்டி தீவிரவாதி! அவங்கதான் மிலிட்டரி!"

கரீம் பாய் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா நைனா, தங்கச்சியே போட்டுத் தள்ளிடுச்சு!"

தோற்றோம். வீடு வரை அண்ணன் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தான். அவன் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தபோது, என் நாற்காலி போய்விட்டதே என்று நான் கதவோரம் நின்று அழுதேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தத் துணிக்காரங்க எல்லாம் ஊடு போய்ச் சேந்தாங்களா?" சேர்ந்தார்கள் என்றேன். என் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தாள். அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போனான். நான் செய்தது சரியா தப்பா என்று அப்பளத்தைக் கடித்துக்கொண்டே குழம்பினேன். அந்தக் கோடையில் அவன் என்னை மறுபடி கூப்பிடவில்லை.

பாயின் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அம்மா ரிட்டயர் ஆகிவிட்டாள். கண்ணாடி போட்டும் ஊசி கோக்க என்னைத்தான் கூப்பிடுகிறாள். போன வாரம் மாங்காட்டில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். அவன் மகன் போனில் அதே மாதிரி ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். "அத்தைய டீம்ல சேத்துக்காதடா, கூடப் பொறந்தவனையே சுட்டவ" என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தோம், அம்மாவும்தான். பையன் கேட்கவில்லை, போனை என் கையில் திணித்தான்.

திரையில் ஒருவன் முயல் தலையோடு ஓடினான். ஒருத்தி ரோஸ் நிறக் கோட்டில் இருந்தாள், ஒருவன் வெறும் டிராயரில் துப்பாக்கியோடு நின்றான். அவரவர் இஷ்டத்துக்கு உடுத்தியிருந்தார்கள், தேமல் துணியில் ஒருவர்கூட இல்லை. "சுடு அத்தே, சுடு!" என்று பையன் தோளைப் பிடித்து உலுக்கினான். யாரைச் சுடாமல் விடுவது என்று தெரியாமல் நான் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.