யோசிக்காதேங்கோ

பத்து வருடமாக நான் மறியலுக்குப் போய்வருகிறேன். கனடாவில், எங்கள் ஸ்காபரோ கோயிலில் யாராவது வேலை பற்றிக் கேட்டால் இப்படித்தான் தொடங்குவேன். கேட்டவரின் முகம் போகிற போக்கைக் கொஞ்சம் ரசித்துவிட்டுத்தான், அந்தச் சிறையில் ஒஃபிசராக இருக்கிறேன் என்று முடிப்பேன்.

போன வருடம் எங்கள் சிறையில் என்னையும் சேர்த்து ஆறு ஒஃபிசர்களுக்குப் புதுப் பயிற்சி கொடுத்தார்கள். கை ஓங்குமுன் தன் எண்ணத்தை நின்று பார்க்கக் கைதிகளைப் பழக்குவது எப்படி என்று இரண்டு கிழமை வகுப்பு. நடந்தது, நினைத்தது, உணர்ந்தது, செய்தது என்று தாளில் நாலு பெட்டி. வளர்ந்த மனிதருக்கு யோசிக்கப் படிப்பிப்பதா என்று எனக்கு முதலில் எரிச்சல்தான். மூன்றாம் நாள், சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவாமல் விட்ட என் கணவர்மேல் மனதுக்குள் நான் நடத்தும் வழக்கை அந்தப் பெட்டிகளில் எழுதிப் பார்த்தேன். நடந்தது ஒரு வரி, நினைத்தது ஒரு பக்கம்.

ஆனால் என் ஷிஃப்ட் முடிந்தால் எங்கள் தளத்தில் இதைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மற்ற ஒஃபிசர்களையும் பழக்குவதற்குப் பணம் வேண்டும். நிதிக்குழுவிலிருந்து ஒரு பெண்மணி வந்து கைதிகளுக்கு நான் நடத்தும் வகுப்பைப் பார்ப்பார், அவர் சொல்வதை வைத்துத்தான் முடிவு என்று மேலாளர் சொன்னார். அந்தப் பணம் வரவேண்டும் என்று எனக்குப் பேராசையே இருந்தது.

அன்று ஆறாவது வார வகுப்பு, எட்டுக் கைதிகள். ஒருவர் நம்மவர், ஐம்பது தாண்டிய அண்ணை, ஆங்கிலம் மட்டுமட்டு. மனைவி இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லையாம். தன்னை விட்டுவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டார். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். படித்ததெல்லாம் எனக்குப் பறந்துபோய்விட்டது. பழக்கதோசத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"தங்கச்சி, ஆறு கிழமையா யோசியுங்கோ யோசியுங்கோ எண்டு படிப்பிச்சுப்போட்டு, இப்ப யோசிக்காதேங்கோ எண்டுறியள்."

சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். என்ன பகிடி என்று மற்றவர்கள் கேட்டார்கள். நிதிக்குழுப் பெண்மணியும் பேனையோடு நிமிர்ந்தார். மறைக்க வழியில்லை. எங்கள் பேச்சில் சிந்திப்பதும் யோசிப்பதுதான், கவலைப்படுவதும் யோசிப்பதுதான், கவலை வேண்டாம் என்று சொல்லப்போய் சிந்திக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று விளக்கினேன். பெண்மணி நெடுநேரம் எழுதினார். அப்போது என்னிடம் யாராவது ஒரு தாளை நீட்டியிருந்தால், 'நினைத்தது' பெட்டியில் 'போச்சு' என்று மட்டும்தான் எழுதியிருப்பேன். அண்ணை கதிரையை இழுத்து உட்கார்ந்து, தன் தாளை நிரப்பத் தொடங்கினார்.

பணம் வந்தது. அடுத்த மாதம் பன்னிரண்டு ஒஃபிசர்கள் பயிற்சிக்குப் போகிறார்கள், எனக்குப் பெரிய சந்தோசம். என் திறமையால் வந்த பணம் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அன்று வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்மணி, அண்ணையிடம் அனுமதி கேட்டு, அவர் தமிழில் எழுதிய தாளை ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்லும்படி என்னைக் கேட்டார். நடந்தது: மனுசி போன் எடுக்கேல்லை. நினைத்தது: விட்டிட்டுப் போட்டா. அதை வெட்டிவிட்டுக் கீழே, வேலையில நிண்டிருப்பா. உணர்ந்தது: கொஞ்சம் சுகம். செய்தது என்ற பெட்டியை மட்டும் முதலில் தமிழிலேயே வாசித்தேன்.

"யோசிச்சனான். அதாலை யோசிக்கேல்லை."