மதகடியில் இருபது வீச்சு

ஏரியில் மீன் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுக்க மீன்வளத் துறை என்னை அனுப்பியது ஏரிக்குச் செய்த துரோகம். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போகும்போதே தண்ணீர்மேல் விழும் வெயிலுக்கு நான்கு உவமை யோசித்துவிட்டேன். பையில் இருந்த வரைபடத்தைப் பிரிக்கவில்லை.

அதில் சீட்டுக் குலுக்கித் தேர்ந்த இருபது இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வீச்சு வலை. விழுந்ததை எண்ணி, எடை போட்டு, திரும்ப விட வேண்டும். மீன் குறைவென்று தெரிந்தால் மழைக்குப் பின் குஞ்சு விடுவார்கள். நிறைய என்றால் கிடையாது.

வலை வீச வந்தவர் மீனவர் சங்கத்துக்காரர், என் வயசு. முதல் இடமே காட்டாமணக்குப் புதர், முழங்கால் சேறு. "இங்க எதுக்குங்க, மீன் இருக்கிற எடமாப் போலாமே" என்றேன். ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு மதகடிக்கு அழைத்துப் போனார். கோடையில் மிஞ்சிய ஆழம் அங்கேதான். இருபது வீச்சும் அங்கேயே. வால் கிழிந்த ஒரு கெண்டையை ஐந்து முறையாவது எண்ணியிருப்பேன். கடைசியில் அது என்னைத் தெரிந்தவனைப்போல் பார்த்தது. ஏரி மீனால் ததும்புகிறது என்று எழுதி அனுப்பினேன். ததும்புகிறது! அந்தச் சொல்லில் எனக்குப் பெருமை வேறு.

பத்து நாளில் அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், குஞ்சு கெடயாதாம். கல்யாணப் பந்தியில நின்னுக்கினு ஊரு ஜனத்தொகைய எண்ணிட்டீங்களே!"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க?"

"கொழம்புக்குக் கேக்குறீங்கன்னு நெனச்சேன். விருந்தாளிய அங்கதான் இட்டுக்கினு போவோம். நீங்க புடிச்சதையெல்லாம் திருப்பி உட்டுக்கினு இருந்தீங்க. பாவம், சைவம்போலன்னு உட்டுட்டேன். இந்த வருஷம் குஞ்சு வரலன்னா அடுத்த வருஷம் நாங்க எங்க சார் வலை போடுறது?"

தவறு என்னுடையது, திரும்பக் கணக்கெடுக்க அனுமதியுங்கள் என்று மேலதிகாரிக்கு எழுதினேன். உவமை இல்லாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் முறை இருபது இடமும் போனோம். புதர் கீறியது, செருப்பைச் சேறு விழுங்கியது. பாதிக்குமேல் வலை வெறுமையாக வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் உற்சாகமாகக் கத்தினார்: "எழுதுங்க சார், சைபர்!"

மழைக்குப் பின் வேனில் குஞ்சு வந்தது, காற்றடைத்த பாலிதீன் பைகளில். ஒரு பையை என் கையில் கொடுத்தார். முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே எத்தனை இருக்கும் என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்போல.

"ஐயோ சார், எண்ணாதீங்க! ஜல்தி உடுங்க, மூச்சு முட்டிக்கினு கெடக்குது."